கற்றுத்தரும் புத்தகங்கள் – 17: புள்ளிக்கோடு எந்தப் பக்கத்தில்?

சென்ற வாரம் அட்டை, பதிப்பு ஆண்டு, பொருளடக்கம் மூன்றையும் பார்த்தோம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இதற்குமேல் நினைவூட்டல் வேண்டியதில்லை. இந்த வாரம் பாடங்களின் இறுதியில் வரும் பயிற்சிகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு கோட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும். மாணவர்கள் பயிற்சி வரை வந்துசேராமல் நின்றுபோவது அந்தக் கோட்டில்தான்.

அனிமேஷன் மென்பொருளைப் புதிதாகக் கற்பவருக்கான புத்தகம் கையில் கிடைத்தால் நான் முன்னுரையைப் படிப்பதில்லை. ஃப்ளாஷ் புத்தகம் என்றால் நேரே ட்வீன் பாடத்துக்குப் போவேன். அங்கே புள்ளிக்கோட்டின் படம் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் மேற்கொண்டு படிப்பேன். இல்லையென்றால் அந்தப் புத்தகத்தை எந்த ஆசிரியருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃப்ளாஷைத் தொட்டிராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். முதல் ஃப்ரேமில் ஸ்டேஜின் இடது ஓரத்தில் ஒரு பந்து வரைகிறீர்கள். அதைச் சிம்பலாக மாற்றுகிறீர்கள். டைம்லைனில் 30-வது ஃப்ரேமுக்குப் போய் எஃப்6 அழுத்தினால் அங்கே ஒரு கீஃப்ரேம் விழும். அந்த ஃப்ரேமில் பந்தை வலது ஓரத்துக்கு இழுத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே மோஷன் ட்வீன் கொடுத்தால், இடையிலிருக்கும் 28 ஃப்ரேம்களையும் மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் டைம்லைனில் வெளிர்நீலப் பின்னணியில் அம்புக்குறியோடு ஒரு முழுக்கோடு ஓடும். ஏதோ ஒன்று விட்டுப்போயிருந்தால் அந்தக் கோடு துண்டுதுண்டாகத் தெரியும். கடைசி கீஃப்ரேம் இல்லாமலிருக்கலாம். பந்தைச் சிம்பலாக்க மறந்திருக்கலாம். ஒரே லேயரில் இரண்டு பொருள்கள் இருக்கலாம். பந்து இருந்த இடத்திலேயே நிற்கும்; கடைசி ஃப்ரேம் வந்ததும் வலது ஓரத்துக்குத் தாவும்.

ஃப்ளாஷ் கற்கும் எல்லோருமே முதல் வாரத்துக்குள் இந்தப் புள்ளிக்கோட்டைப் பார்த்துவிடுவார்கள். அப்படி இருக்க, அதைக் காட்டாத புத்தகங்கள் எத்தனை! ஒவ்வொரு படியையும் சொல்கின்றன, ஒவ்வொரு மெனுவுக்கும் படம் போடுகின்றன. ஆனால் படங்களில் வருவது வெற்றி மட்டும்தான்.

ஒரு கல்லூரியின் விஷுவல் கம்யூனிகேஷன் ஆய்வகத்தில் இதை நேரில் பார்த்தேன். புத்தகம் எப்படிக் கற்பிக்கிறது என்று கவனிப்பதற்காக, வாய் திறக்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் செய்துவந்த மாணவி ஒருத்தி சட்டென்று திரும்பினாள்.

“சார், இது ஏன் விட்டுவிட்டு வருது?”

“புக்ல எப்படி இருக்கும்மா?”

“புக்ல முழுசா இருக்கு சார். எனக்குத்தான் இப்படி வருது.”

“அடுத்த பக்கத்துல ஏதாவது சொல்லியிருக்கா பாரு.”

“அடுத்த பக்கத்துல பந்து போயே போயிருச்சு சார். பட்டன் பாடம் வந்திருச்சு.”

‘எனக்குத்தான் இப்படி வருது’ என்று அவள் சொன்னது பல நாள் மனதில் கிடந்தது. அவள் செய்ததில் பெரிய பிழை ஒன்றுமில்லை. எஃப்8 அழுத்தி வட்டத்தைச் சிம்பலாக்கும் ஒரு படி விட்டுப்போயிருந்தது. அந்தப் படி புத்தகத்தில் இருந்தது. ஒரு நீண்ட பத்தியின் நடுவே, துணை வாக்கியமாக இருந்தது. அதை விட்டால் திரையில் என்ன தெரியும் என்பது எங்கும் இல்லை. பொன்னிறமாக வதக்கச் சொல்லிவிட்டு, அடிப்பிடித்தால் என்ன செய்வது என்று சொல்லாத சமையல் குறிப்பு போன்றது அது. அந்தப் புத்தகம் தன் குறையை மாணவியின் தலையில் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது.

நல்ல புத்தகங்கள் இந்த இடத்தில் இன்னொரு நுட்பத்தையும் சொல்லும். சிம்பலாக்காத வட்டத்தின் மீது மெனு வழியாக மோஷன் ட்வீன் கொடுத்தால் ஃப்ளாஷ் தானாகவே அதைச் சிம்பலாக்கி, லைப்ரரியில் ‘ட்வீன் 1’, ‘ட்வீன் 2’ என்று பெயரிட்டுப் போட்டுவிடும். பிராப்பர்ட்டீஸ் பேனல் வழியாகக் கொடுத்தால் அப்படிச் செய்யாது. புள்ளிக்கோடும் ஒரு எச்சரிக்கைக் குறியும்தான் வரும். ஒரே கட்டளை, இரண்டு வாசல்கள், இரண்டு விளைவுகள். பக்கத்துக் கணினியில் இருப்பவனுக்கு வந்தது நமக்கு ஏன் வரவில்லை என்று மாணவர்கள் குழம்புவது இதனால்தான். லைப்ரரியில் கேட்காமல் வந்து நிற்கும் அந்த ‘ட்வீன் 1’ எங்கிருந்து வந்தது என்று விளக்கியிருக்கும் புத்தகத்தைப் பார்த்தால், அதை எழுதியவர் மாணவர்களின் தோளுக்குப் பின்னால் நின்றிருக்கிறார் என்று நம்புவேன்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்தபோதுதான் இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்ட செய்தி கிடைத்தது. கொஞ்சம் விலகிப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பநிலைக் கணினிப் புத்தகங்களைப் பற்றி யோசிப்பவர்கள் எப்படியும் ஜான் கரோலிடம் வந்து சேர்வார்கள். அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். அவர் எழுதிய நூல் 1990-இல் எம்ஐடி பதிப்பகத்திலிருந்து வந்தது. பெயர் ‘தி நூரம்பெர்க் ஃபனல்’. கையேடு எழுதுவது பற்றிய புத்தகத்துக்கு ஒரு ஜெர்மன் நகரமும் ஒரு புனலும் எதற்கு என்று துருவப்போனதில், 1647-க்குப் போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஆண்டு நூரம்பெர்க் நகரத்துக் கவிஞர் கியோர்க் பிலிப் ஹார்ஸ்டோர்ஃபர் ‘கவிதைப் புனல்’ என்ற கையேட்டை வெளியிட்டார். ஜெர்மன் மொழியில் யாப்பும் எதுகையும் கற்றுத்தரும் நூல். முகப்பிலேயே ஒரு வாக்குறுதி: இந்தக் கலையை ஆறு மணி நேரத்தில் உள்ளே ஊற்றிவிடலாம். புத்தகத்தின் அமைப்பும் அப்படியே. ஆறு பாடங்கள், ஒவ்வொரு பாடமும் ஒரு மணி நேரம். பிற்காலத்தில் ‘நூரம்பெர்க் புனல்’ ஜெர்மானியர் பேச்சில் பழமொழியாகிவிட்டது. மாணவன் தலையில் புனலைச் செருகி ஆசிரியர் அறிவை ஊற்றும் சித்திரங்கள் அஞ்சல் அட்டைகளில்கூட வந்தன. உழைக்காமல் கற்றுவிடலாம் என்ற ஆசைக்கு அது அடையாளமாயிற்று. கரோல் தன் நூலுக்கு அந்தப் பெயரை வைத்ததும், கற்றல் அப்படி நடப்பதில்லை என்று சொல்வதற்குத்தான்.

இப்போது அலமாரியிலிருந்து சாம்ஸ் பதிப்பகத்தின் ‘24 மணி நேரத்தில்’ வரிசையை எடுங்கள். ஃப்ளாஷ் 5-க்கு ஃபிலிப் கெர்மன் எழுதிய புத்தகம் அதில் உண்டு. 24 பாடங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். நடுவே மூன்றரை நூற்றாண்டு ஓடியிருக்கிறது, நூலின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது! மணிக்கணக்கில் பாடம் பிரிப்பது நம் காலத்துப் பதிப்பாளர்களின் விற்பனை உத்தி என்றே பலரும் நினைத்திருப்போம். அச்சுக்கலை இரண்டு நூற்றாண்டு வயதை எட்டியிருந்த காலத்திலேயே அது வந்துவிட்டது.

என்னை இன்னும் அதிகமாகத் தொட்டது முகப்பில் இருந்த மற்றொரு செய்தி. லத்தீன் மொழியின் உதவி இல்லாமலே கற்கலாம் என்றும் அந்த நூல் சொல்கிறது. கவிதை இலக்கணம் கற்க லத்தீன் தெரிந்திருக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், தாய்மொழி மட்டும் தெரிந்தவனையும் உள்ளே விடுவேன் என்கிறார் ஹார்ஸ்டோர்ஃபர். புனல் என்றதும் கேலி செய்பவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள். ஆங்கிலம் தடுமாறுகிற, ஆனால் கைவிரல்களில் ஓவியம் இருக்கிற எத்தனை பிள்ளைகள் நம் ஊர்களில் அனிமேஷன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்களுக்கான தமிழ்க் கையேட்டை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது, 1647-இல் வந்த அந்த வாக்குறுதியில் நேரக்கணக்கு தவறு, நோக்கம் சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரே ஆறு மணி நேரத்தோடு நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு இரண்டாம் பாகம், 1653-இல் மூன்றாம் பாகம்.

கரோலிடம் திரும்புகிறேன். 1980-களின் தொடக்கத்தில் அவரும் சக ஆய்வாளர்களும் செய்தது எளிமையான காரியம். அலுவலக வேலை செய்பவர்களிடம் சொற்செயலியையும் அதன் கையேட்டையும் கொடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, பக்கத்தில் அமர்ந்து கவனித்தார்கள். மனிதர்கள் கையேட்டை வரிசையாகப் படிக்கவில்லை. இரண்டு வரி படித்ததும் கை விசைப்பலகைக்குப் போய்விடுகிறது. ஒரு தவறு நேர்கிறது. அதிலிருந்து மீளத் தெரியாமல் அடுத்த தவறு. கையேடு மட்டும், தவறே நடக்காத ஒரு உலகத்தில் அடுத்த படியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதாவது, பந்து போய் பட்டன் வந்துவிட்டது.

கரோல் இதற்கு இரண்டு வழிகளை முயன்றார். ஒன்று, புதியவர்கள் வழக்கமாகப் போய் விழும் மெனுக்களைத் தற்காலிகமாக அடைத்துவைத்த மென்பொருள். குழந்தைகளின் சைக்கிளில் பூட்டும் பக்கச் சக்கரத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இன்னொன்று, மிகச் சுருக்கமான கையேடு. முன்னோட்டமும் தொகுப்புரையும் கழிந்தன. முதல் பக்கத்திலேயே உண்மையான வேலை தொடங்கியது. தவறிலிருந்து மீளும் வழி, தவறு நேரும் இடத்திலேயே இருந்தது. அதை வைத்துக் கற்றவர்கள் பெரிய கையேட்டை வைத்துக் கற்றவர்களைவிட வேகமாகவும் நன்றாகவும் கற்றார்கள்.

ஆகவே புள்ளிக்கோட்டைத் தேடுவது என் தனிப்பட்ட பிடிவாதம் மட்டுமல்ல. அது கரோல் கண்டுசொன்னதன் ஃப்ளாஷ் வடிவம்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சில தீர்ப்புகள் மாறுகின்றன. ‘24 மணி நேரம்’ என்று அட்டையில் போட்டிருப்பதாலேயே கெர்மனின் புத்தகத்தை ஒதுக்கிவிடக் கூடாது. அந்த வரிசையில் பாட முடிவில் கேள்வி-பதில் பகுதி உண்டு. மாணவர்கள் சிக்குகிற இடங்கள் அங்கே பேசப்படுகின்றன. அடோபி பிரஸ்ஸின் ‘கிளாஸ்ரூம் இன் எ புக்’ முடிந்த வேலையை முதலில் திறந்துகாட்டி, பிறகு தொடக்கக் கோப்பிலிருந்து அதை நோக்கி நடத்திச்செல்கிறது. போகும் ஊர் முதலிலேயே தெரிந்துவிடுவது நல்லது. ஆனால் வழி நெடுகச் சாலை செப்பனிடப்பட்டிருக்கிறது. சறுக்கி விழ இடமே கொடுக்காததால் எழுந்திருக்கவும் கற்றுக்கொள்வதில்லை. கேத்ரின் உல்ரிச்சின் ‘விஷுவல் குவிக்ஸ்டார்ட்’ நூல்கள் வேலை வேலையாகப் பிரித்து, படியும் படமுமாகப் போகின்றன. ஆசிரியரின் மேசையில் வைத்துக்கொள்ள அதைவிடப் பொருத்தமானது குறைவு. தானாகக் கற்பவனுக்குக் கதைப்போக்கு கிடைக்காது. அச்சிட்ட கையேடு இல்லாமலே மென்பொருள்கள் விற்பனைக்கு வரத் தொடங்கிய காலத்தில் டேவிட் போக் தொடங்கிய ‘மிஸ்ஸிங் மேனுவல்’ வரிசை, தடுமாறும் இடங்களைப் பேச்சுநடையில் சொல்வதில் மற்றவற்றைவிட மேல்.

இவை எதிலும் கிடைக்காதது ஒன்று உண்டு. அது தமிழ் எழுத்து. அனிமேஷன் வகுப்பில் எந்த மாணவரும் முதலில் ஆட்டிப்பார்ப்பது தன் பெயரைத்தான். ஷேப் ட்வீன் செய்ய எழுத்தை உருவமாக உடைக்க வேண்டும், அதற்குக் கன்ட்ரோல்-பி. ஃப்ளாஷ் 5 வரை ஒருமுறை அழுத்தினால் போதும். 2002-இல் வந்த எம்எக்ஸிலிருந்து இரண்டு முறை அழுத்த வேண்டும்: முதல் முறையில் சொல் தனித்தனி எழுத்துகளாகப் பிரியும், இரண்டாம் முறையில் எழுத்து உருவமாகும். ஆங்கிலத்தில் இது அழகாக நடக்கும். பாமினி போன்ற எழுத்துருவில் ‘கொடி’ என்று அடித்து உடைத்துப்பாருங்கள். ஒற்றைக்கொம்பு தனி, ‘க’ தனி, கால் தனி, ‘டி’ தனி என நான்கு துண்டுகள் வரும். இரண்டெழுத்துச் சொல் நான்கு துண்டானதும் மாணவர் திகைக்கிறார். கொம்பையும் காலையும் ‘க’வோடு சேர்த்து குரூப் செய்ய கன்ட்ரோல்-ஜி என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நம் ஊருக்கான புத்தகத்தை நம் ஊரில்தான் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

ஃப்ளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31-ஓடு நின்றுவிட்ட பிறகு இந்தப் புத்தகங்களை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நின்றது உலாவியில் ஓடிய பிளேயர். வரையும் மென்பொருள் 2016-இல் அடோபி அனிமேட் என்று பெயர் மாற்றிக்கொண்டு அதே டைம்லைனோடு தொடர்ந்தது. இன்னொரு காரணமும் உண்டு. ஒரே ஆரம்பப் பாடத்தை இத்தனை பதிப்புகளுக்கு, இத்தனை எழுத்தாளர்கள், இத்தனை முறைகளில் எழுதிப்பார்த்தது வேறு மென்பொருளுக்கு அரிது. ஒப்பிட்டுப் பார்ப்பவனுக்கு இதைவிட வளமான நிலம் கிடைக்காது. சென்னையில் பழைய புத்தகக் கடைகளுக்குப் போனால் தடிதடியான ஃப்ளாஷ் புத்தகங்களை இன்றும் அடிவிலைக்கு அள்ளிவரலாம்.

அள்ளிவருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2008-இல் சிஎஸ்4 வந்தபோது மோஷன் ட்வீனின் நடைமுறையே தலைகீழாக மாறியது. அதுவரை இரண்டு முனைகளிலும் கீஃப்ரேம் போட்டுவிட்டுக் கடைசியில் ட்வீன் கொடுப்பது வழக்கம். புதிய முறையில் முதலில் பந்தின் மீது ட்வீன் கொடுக்க வேண்டும். ஒரு விநாடி நீளத்துக்கு ட்வீன் தானே விரியும். டைம்லைனில் வேண்டிய ஃப்ரேமுக்குப் போய்ப் பந்தை நகர்த்தினால் கீஃப்ரேம் தானாக விழும். பழைய முறை ஒழிந்துவிடவில்லை. ‘கிளாசிக் ட்வீன்’ என்ற பெயரில் மெனுவில் கீழே இறங்கியது. ‘மோஷன் ட்வீன்’ என்ற அதன் பெயரை புதிய முறை எடுத்துக்கொண்டது. எம்எக்ஸ் புத்தகத்தை மடியில் வைத்து சிஎஸ்6-இல் கற்பவர், புத்தகம் சொன்ன அதே சொல்லைத் தேடி அதே சொல்லைத்தான் சொடுக்குகிறார். நடப்பது வேறாக இருக்கிறது. சொல் கிடைக்காமலே போயிருந்தால், பதிப்பு மாறிவிட்டது என்றாவது சந்தேகம் வரும். சொல் இருப்பதால் சந்தேகம் அவர் மீதே திரும்புகிறது.

கூடவே ஃப்ரேம் வேகமும் மாறியது. அதுவரை விநாடிக்கு 12 ஃப்ரேம் என்று தொடங்கிய புதிய கோப்பு, சிஎஸ்4 முதல் 24 என்று தொடங்குகிறது. 36-வது ஃப்ரேமில் கீஃப்ரேம் போட்டால் பந்து மூன்று விநாடியில் கடக்கும் என்று பழைய புத்தகம் சொல்லும். திரையில் அது ஒன்றரை விநாடியில் கடந்துவிடும். ஃப்ரேம் எண்ணை வேகத்தால் வகுத்தால் நேரம் என்ற கணக்கைச் சொல்லிக்கொடுத்த புத்தகம் இந்த மாற்றத்தையும் தாங்கும். ‘36-இல் போடு’ என்று மட்டும் சொன்ன புத்தகம் தாங்காது. பிளெண்டர் கற்பவர்களுக்கும் இதே கதைதான். 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பில் பொருளைத் தேர்வுசெய்யும் சொடுக்கு வலப் பொத்தானிலிருந்து இடப் பொத்தானுக்கு மாறியது. அதற்கு முந்தைய புத்தகங்கள் எல்லாவற்றிலும் முதல் பாடத்தின் முதல் அசைவே பொருந்தாமல் போயிற்று.

இதனால் பழைய புத்தகம் எல்லாம் கழிவு என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினிப் பயன்பாடுகள் நூலில், பல்லூடகப் பாடத்தை அடுத்து பேஜ்மேக்கர் வருகிறது. அதன் கடைசிப் பெரும் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். காலம் கடந்த பாடம் என்று பலர் குறைப்பட்டார்கள். ஆனால் நம் ஊர் டிடிபி கடைகளில் பழைய தமிழ் எழுத்துருக்களோடு பேஜ்மேக்கர் நெடுங்காலம் ஓடியது. புத்தகத்தின் வயதை அச்சான ஆண்டால் அளக்காதீர்கள். மாணவர் உட்காரும் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறதோ அதற்கும் புத்தகத்துக்கும் உள்ள தூரத்தால் அளந்து பாருங்கள். ஆய்வகத்தில் எம்எக்ஸ்தான் இருக்கிறது என்றால் எம்எக்ஸ் புத்தகமே சரி. புத்தகம் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்கள் கடைக்குப் போகுமுன் ஆய்வகத்துக்குப் போய்வர வேண்டும் என்று இந்தத் தொடரில் பலமுறை எழுதிவிட்டேன். இனியும் எழுதுவேன்.

பந்தைப் பற்றி இன்னும் ஒன்று. ஏறக்குறைய எல்லாப் புத்தகங்களிலும் முதல் அசைவு பந்துதான். சரியான தேர்வு. ஆனால் பெரும்பாலானவற்றில் அது இடமிருந்து வலமாக ஒரே வேகத்தில் நகர்கிறது. பந்து அப்படி நகர்வதில்லை. மேலிருந்து விழும்போது வேகம் கூடிக்கொண்டே வரும், எழும்பும்போது குறைந்துகொண்டே போகும். ஃப்ளாஷில் ஈஸ் என்ற ஒரே எண் இதைப் பார்த்துக்கொள்கிறது. விழும் பகுதிக்கு -100, எழும் பகுதிக்கு 100. இரண்டு எண்களை மாற்றியதும் அதுவரை சறுக்கிக்கொண்டிருந்த வட்டத்துக்கு எடை வந்துவிடும். வகுப்பில் அந்த நொடியில் எழும் சத்தத்தைக் கேட்டவர்கள், ஈஸைப் பின்னால் ‘மேம்பட்ட அம்சங்கள்’ பாடத்தில் தள்ளிவைக்கும் புத்தகத்தை மன்னிக்க மாட்டார்கள்.

மென்பொருள் இல்லாத காலத்திலும் இந்தப் பாடம் இருந்தது. 1956-இல் பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி அளிக்க வந்தவர் கிளேர் வீக்ஸ். டிஸ்னியில் ‘பாம்பி’, ‘பீட்டர் பான்’ போன்ற படங்களில் வேலை செய்த அனிமேட்டர், பிறந்தது இந்தியாவில். அவரிடம் பயின்ற இளைஞர்களில் ஒருவர்தான் பின்னாளில் இந்திய அனிமேஷனின் முன்னோடியாகப் போற்றப்பட்ட ராம் மோகன். அந்தப் பயிற்சியில் விளைந்த படம் ‘தி பான்யன் டியர்’, ஜாதகக் கதை ஒன்றின் வடிவம், 1957-இல் வந்தது. இடைப்பட்ட படங்களை அந்த மாணவர்கள் கையால் வரைந்தார்கள். எந்த இரண்டு படங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதைக் கை தானே தீர்மானிக்க வேண்டியிருந்தது. ட்வீன் கட்டளை அந்த உழைப்பை எடுத்துக்கொண்டது, தீர்மானத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அது இன்னும் மாணவரிடம்தான் இருக்கிறது. டிஸ்னியின் பிராங்க் தாமஸும் ஒல்லி ஜான்ஸ்டனும் 1981-இல் எழுதிய ‘தி இல்யூஷன் ஆஃப் லைஃப்’ நூலில் தொகுத்துக் கொடுத்த 12 கோட்பாடுகளில், ஆரம்பப் புத்தகம் இரண்டைத் தொட்டால்கூட எனக்குப் போதும்: நசுங்கி நீளுதல், மெல்லத் தொடங்கி மெல்ல முடிதல். வீக்ஸைப் பற்றி நிறையச் சொல்லலாம். அதற்குத் தனி வாரம் வேண்டும்.

இடம் முடிகிறது, பயிற்சிகளுக்கு வரவே இல்லை. அடுத்த வாரம் கட்டாயம் அதுதான். புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டிவந்த குறுவட்டிலிருந்து தொடங்குகிறேன். பழைய கடையில் வாங்கும்போது பெரும்பாலும் அந்த உறை காலியாக இருக்கும். குறுவட்டு இல்லாமல் எத்தனை பயிற்சிகளைச் செய்ய முடிகிறது என்பது தனிச் சோதனை. வட்டு இருந்தாலும் சிக்கல் உண்டு. புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. அதற்குள் ஆசிரியர்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். உங்கள் கல்லூரியிலோ பயிற்சி நிலையத்திலோ புழங்கும் புத்தகத்தில் ட்வீன் பாடத்தைத் திறந்து, புள்ளிக்கோடு இருக்கிறதா, எந்தப் பக்கத்தில் இருக்கிறது, ஆய்வகக் கணினியில் இருப்பது எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள். மாணவர்கள் எழுதினால் இன்னும் நல்லது. எந்தப் படியில் நின்றீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.